காலியாக விட்ட இரண்டாவது ஸ்லாட்

போன மாதம் கள்ளக்குறிச்சியில் நான் வேலை பார்த்த கம்ப்யூட்டர் கடைப்பக்கம் சும்மா எட்டிப் பார்க்கப் போனேன். ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. ஆனாலும் காய்கறி வாங்கக் கிளம்பினால்கூடக் கால் தானாக அந்தத் தெருவுக்குத்தான் திரும்புகிறது. இப்போது அங்கே வேலை பார்க்கிற இரண்டு பேரும் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "அண்ணே, கம்மி பட்ஜெட்டுல கேம் ஆடுற கம்ப்யூட்டர் கேட்டு வர்றவங்களுக்கு இன்னா இன்னா போடணும்னு ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க. செவுத்துல ஒட்டிக்கிறோம்" என்றார்கள்.

இதற்கெல்லாம் இப்போது என்னைக் கேட்பானேன் என்று முதலில் சிரித்தேன். வருகிறவர்கள் எல்லோரும் போனிலேயே பட்டியல் போட்டுக்கொண்டு வருகிறார்கள். இந்த போர்டுக்கு இந்த புராசஸர் பொருந்தும் என்று அதுவே பச்சை டிக் போட்டுக் காட்டுகிறது. ஜாதகம் பார்ப்பதுபோல எல்லாப் பொருத்தமும் பார்த்துவிடுகிறது. அதற்கு மேல் நான் என்ன சொல்ல? "அதாண்ணே, டிக்கு எல்லாம் பச்சையா இருக்குது, வூட்டுக்கு எடுத்துக்கினு போனா கம்ப்ளைண்ட்டு வருது" என்றார்கள். அப்போதுதான் எனக்கு ரோசம் வந்தது. ஒரு பக்கத்தில் முடித்துவிடலாம் என்று வீட்டுக்கு வந்து பேனாவை எடுத்தேன். மூன்று வரி எழுதுவதற்குள் சடையன் டிரைவர் நினைவுக்கு வந்துவிட்டார். அவரைச் சொல்லாமல் அந்தப் பேப்பரை எழுத முடியாது.

என்னை இங்கே பலரும் டிவிகாரர் என்றுதான் கூப்பிடுவார்கள். நாற்பத்தொரு வயதுவரை டிவி ரிப்பேர் செய்தேன். சுவரில் மாட்டுகிற டிவி வந்த பிறகு அந்த வேலையில் சோறு இல்லை. பெட்டிக்குள் இருப்பது எல்லாம் மின்சாரம்தானே என்ற தைரியத்தில் கம்ப்யூட்டர் கடையில் வேலை கேட்டேன். கடை சுகந்தியுடையது. அப்போது அவளுக்கு இருபத்தாறு வயது. பாலிடெக்னிக் முடித்துவிட்டு, அப்பா வைத்திருந்த சைக்கிள் கடையை ஒதுக்கி அதில் ஒரு மேஜையும் இரண்டு அலமாரியும் போட்டிருந்தாள். முதலாளியை 'அவள்' என்று எழுதலாமா என்றால், எழுதலாம். என்னை முதல் நாளிலிருந்தே 'அண்ணே' என்று கூப்பிட்டவள். நான் 'மேடம்' என்று ஒரு வாரம் சொல்லிப் பார்த்தேன். "அப்டிக் கூப்டா சம்பளத்துல கொறைச்சுக்குவேன்" என்றாள். அதோடு விட்டேன்.

வேலை கற்றுக்கொண்டதைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. மூன்று மாதம் ஸ்க்ரூ முடுக்கினேன். நான்காம் மாதம் ஒரு புராசஸரின் கீழே இருக்கிற பின்னை வளைத்தேன். ஆறாம் மாதம் வளைந்த பின்னை நிமிர்த்தத் தெரிந்துகொண்டேன். அவ்வளவுதான்.

ஆனால் சுகந்தி கொட்டேஷன் எழுதுகிற விதத்தைச் சொல்லியாக வேண்டும். வேறு எந்தக் கடையிலும் அப்படிப் பார்த்ததில்லை. தாளின் மேலே பாகங்களின் பெயரை எழுதமாட்டாள். மூன்று கேள்விகளை எழுதுவாள். யார் உட்காரப் போகிறார்கள், எங்கே வைக்கப் போகிறார்கள், என்ன செய்யப் போகிறார்கள். இந்த மூன்றுக்கும் வாடிக்கையாளர் வாயால் பதில் வந்த பிறகுதான் அலமாரிப் பக்கம் திரும்பிப் பார்ப்பாள். "கேம் ஆடணும்" என்றால் விடமாட்டாள். "இன்னா கேமு? சுடுறதா, ஓட்டுறதா, பந்து ஒதைக்கிறதா?" என்பாள். சிலருக்குக் கோபம் வரும். பொருள் வாங்க வந்தால் போலீஸ் ஸ்டேஷன் மாதிரி விசாரிக்கிறாயே என்பார்கள். அவள் பாட்டுக்கு வேர்க்கடலையை உரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

பாகங்கள் வந்ததும் நேரே கேபினட்டில் பூட்டக் கூடாது. போர்டு வந்த அட்டைப்பெட்டி மேலேயே போர்டை வைத்து, புராசஸரை உட்கார வைத்து, அதன் முதுகில் சூட்டை இழுக்கிற பேஸ்ட்டை உளுந்து அளவுக்கு வைத்து, ஃபேனை மாட்டி, ராம் என்கிற நினைவகப் பட்டையை அதன் ஸ்லாட்டில் இரண்டு பக்கமும் 'டக்' என்று சத்தம் வரும்வரை அழுத்தி, பவர் சப்ளையைச் சொருகி, ஸ்க்ரூ டிரைவர் நுனியால் போர்டில் ஸ்விட்சுக்கென்று இருக்கிற இரண்டு பின்னைத் தொட்டுவிட வேண்டும். ஃபேன் சுற்றினால் உயிர் வந்துவிட்டது என்று அர்த்தம். அப்புறம் அன்று முழுக்க ஓட விட வேண்டும். இதற்குக் கடையில் பெயர் 'ஊற வைக்கிறது'. "அந்த எலவனாசூர் கோட்டையார் சிஸ்டம் ஊறிடுச்சாண்ணே?" என்று கேட்பாள். புதிதாக வருகிறவர்கள் இட்லி மாவு சமாச்சாரம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

தப்பு செய்தால் திட்டமாட்டாள். அதுதான் கஷ்டம். கையில் இருக்கிற உரித்த கடலையில் பாதியை நம் பக்கம் நகர்த்திவைத்துவிட்டுப் பேசாமல் இருப்பாள். நாமே உளறிக் கொட்டிவிடுவோம். நான் அந்தக் கடலையை நிறையத் தின்றிருக்கிறேன்.

கம்ப்ளைண்ட் வந்தால் சமாளிப்பதில் மட்டும் நான் கெட்டிக்காரன். டிவி காலத்துப் பழக்கம். மூன்று கேள்வி கைவசம் இருந்தன. தூசி தொடைச்சீங்களா? கரண்டு போய்ப் போய் வந்துச்சா? பசங்க யாராவது நோண்டினாங்களா? இந்த மூன்றில் ஒன்றுக்காவது ஆமாம் சொல்லாத வீடு இந்தத் தாலுக்காவில் கிடையாது. வந்தவர் தலையைச் சொறிந்துகொண்டு, தப்பு தன்னுடையதுதான் என்று ஒப்புக்கொண்டு போவார். பத்துப் பதினைந்து வருடம் இப்படியே ஓட்டினேன். சுகந்திக்கு அது பிடிக்காது. "ஒரு நாளைக்கு ஒங்களுக்கே அது திரும்பும்ணே" என்பாள். நான் சிரிப்பேன்.

சடையன் டிரைவரின் மனைவி பாக்கியம் கடைக்கு வந்தது கொரோனா அடங்கி பஸ் எல்லாம் ஒழுங்காக ஓட ஆரம்பித்த சமயம். கரியாலூருக்குப் பக்கத்தில் ஒரு மலைக்கிராமம். காலை பஸ்ஸில் இறங்கி நேரே கடைக்கு வந்திருந்தார். மடியில் ஒரு துணிப்பை, பையில் சாமை அரிசி. கடைக்கு வெறுங்கையோடு வரக் கூடாதாம்.

"பஸ்ஸு ஓட்டுற கேமு இருக்குதாமே, அது வேணுங்க. ஸ்டேரிங்கு, பிரேக்கு எல்லாம் வச்சது. எங்க வூட்டுக்காரருக்கு" என்றார்.

சுகந்தி வழக்கம்போல ஆரம்பித்தாள். "அவரு இன்னா வேலை பாக்குறாரு?"

"பஸ்ஸு டிரைவருதான்."

நான் சிரித்துவிட்டேன். "பகலெல்லாம் பஸ்ஸு ஓட்டிட்டு வூட்டுக்கு வந்தும் பஸ்ஸா?"

அந்த அம்மா சிரிக்கவில்லை. மெதுவாக விஷயத்தைச் சொன்னார். மலைக்குப் போய்வருகிற ஒரு தனியார் பஸ்ஸைச் சடையன் பதினெட்டு வருடமாக ஓட்டியவர். ஒரு மழை நாளில், இறக்கத்தில், ஒரு கொண்டை ஊசி வளைவில், எதிரே மரவள்ளிக்கிழங்கு ஏற்றிய வண்டி வந்துவிட்டது. சடையன் பஸ்ஸைப் பள்ளத்துப் பக்கம் விடாமல் பாறைப் பக்கம் மோதி நிறுத்திவிட்டார். உயிர் ஒன்றும் போகவில்லை. முன் சீட்டில் இருந்த ஒரு பெண்ணுக்குக் கை முறிந்தது. எல்லோரும் அவரைக் கும்பிட்டார்கள். அவர் மட்டும் அன்றிலிருந்து ஸ்டியரிங்கைத் தொடவில்லை. சைக்கிளைக்கூட எடுப்பதில்லை.

"ஒரு செகண்டு எனக்கு ரோடே நின்னு போச்சுன்றாருங்க. கண்ணு தொறந்துதான் இருந்துச்சாம், ஆனா எதுவும் ஓடலியாம். அந்த ஒரு செகண்டு முன்னாடி திருப்பியிருந்தா அந்தப் பொண்ணு கை முறிஞ்சிருக்காதுன்றாரு. எட்டு மாசமா அதையே சொல்லிக்கினு இருக்காரு. பஸ்ஸு ஓனரு நல்ல மனுசன், சீட்டக் காலியா வச்சிக்கினு இருக்காரு. தை பொறந்தா வேற ஆள வச்சிக்குவேன்னு சொல்லிட்டாரு. வண்டியில ஒக்காரத்தான் பயம். பொம்ம வண்டியில ஒக்காந்தாலாவது கை பழகும் இல்லீங்க?"

அவரிடம் இருந்த பணத்தைக் கேட்டுக்கொண்டேன். அது கொஞ்சம்தான். கம்ப்யூட்டரிலேயே டிஜிட்டல் நாணயம் தோண்டுகிறோம் என்று சொல்லிக்கொண்டு யாரோ எங்கோ கிராபிக்ஸ் கார்டுகளை எல்லாம் வாங்கிக் குவித்துக்கொண்டிருந்த காலம் அது. புதுக் கார்டு யானை விலை. பழைய கார்டு வாங்கினால் மாதக்கணக்கில் அடுப்பில் வைத்து வறுத்ததுபோல இருக்கும், எப்போது உயிரை விடும் என்று சொல்ல முடியாது. ஆகவே கிராபிக்ஸ் உள்ளேயே வைத்து வருகிற புராசஸரைப் போடலாம் என்று முடிவு செய்தோம். கார்டு தனியாக வேண்டாம். அது சரியான முடிவுதான், இன்றைக்கும் அதையே சொல்வேன். பவர் சப்ளையில் கை வைக்கவில்லை, மலையில் கரண்டு ஏறி இறங்கும் என்று நல்லதாகவே போட்டேன். ஸ்டியரிங்கும் பெடலும் திருநாவலூரில் ஒருவர் வாங்கி அலுத்துப் போய் வைத்திருந்ததைப் பேசி எடுத்தோம். அதில்தான் பட்ஜெட் கொஞ்சம் இடித்தது.

எங்கே குறைப்பது என்று பார்த்தேன். போர்டில் ராமுக்கு இரண்டு ஸ்லாட் உண்டு. எட்டு ஜி.பி. ராமாக இரண்டு போட வேண்டும் என்று சுகந்தி எழுதியிருந்தாள். நான் ஒன்றை அடித்தேன். "இப்போதைக்கு ஒண்ணு போதும்மா. ரெண்டாவது ஸ்லாட்டக் காலியா வுடுவோம். கையில காசு பொரளும்போது வாங்கிப் போட்டுக்கட்டும்" என்றேன்.

இது நம் ஊர்ப் பழக்கம். வீடு கட்டுகிற யாரை வேண்டுமானாலும் பாருங்கள், மொட்டை மாடியில் நாலு மூலையிலும் கம்பியை நீட்டி விட்டிருப்பார்கள். பின்னால் மாடி எடுத்துக்கொள்ளலாம் என்று. இருபது வருடம் ஆனாலும் கம்பி துருப்பிடித்து அங்கேயே நிற்கும், அதில் துணி காயும். மாடி வராது. ஆனால் கம்பி விடாமல் கட்டினால் இவனுக்கு முன்யோசனை இல்லை என்பார்கள். நானும் அப்படித்தான் ஒரு ஸ்லாட்டைக் காலியாக விட்டு, முன்யோசனைக்காரன் என்று என்னையே மெச்சிக்கொண்டேன். சுகந்தி ஒரு கணம் யோசித்தாள். அன்றைக்கு அவளுக்கு ஜி.எஸ்.டி. விஷயமாக ஆடிட்டரைப் பார்க்கப் போக வேண்டியிருந்தது. "ஊற வச்சுப் பாத்துட்டுக் குடுங்கண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஊற வைத்தேன். பஸ் கேமைப் போட்டு, அதிலேயே வருகிற நாலு வழிச் சாலையில் ஓட்டிப் பார்த்தேன். உளுந்தூர்பேட்டை பைபாஸ் மாதிரி நேர் ரோடு. பஸ் வழுக்கிக்கொண்டு போயிற்று. பாக்கியம் அடுத்த வாரம் வந்து பெட்டிகளை பஸ் மேலே ஏற்றிக்கொண்டு போனார்.

மார்கழி பிறந்து நாலைந்து நாள் இருக்கும், திரும்பி வந்தார். அதே துணிப்பை, உள்ளே இந்தத் தடவை கடுக்காய். பெஞ்சில் உட்கார்ந்து பையின் காதைத் திருகிக்கொண்டிருந்தார். கம்ப்ளைண்ட் என்று எனக்குப் புரிந்துவிட்டது. என் மூன்று கேள்விகளையும் எடுத்தேன்.

"தூசி கீசி தொடைச்சீங்களாம்மா?"

"மிஷினு நல்லாத்தான் இருக்குதுங்க. அதைக் கொற சொல்ல வரல. அவருக்குத்தான் சரியா வரல. திருப்பி எடுத்துக்குவீங்களான்னு கேக்கச் சொன்னாரு."

"இன்னா சரியா வரல?"

"மொத ரெண்டு நாளு கதவ சாத்திக்கினு ஒக்காந்து ஓட்டினாரு. சத்தம் கேக்கும், நானும் வெளியில நின்னு கேட்டுக்கினு இருப்பேன். அப்புறம் டிரைவருங்க குரூப்புல யாரோ அந்த கேமுல போடுற மலை ரோடு அனுப்பினாங்கன்னு அத போட்டாரு. ஒரு வளைவுல ரோடு அப்பிடியே நின்னுடுச்சாம். ஒரு செகண்டு. முழிச்சிப் பாக்கறதுக்குள்ள பஸ்ஸு பள்ளத்துல கெடக்குது. திரும்பத் திரும்ப ஓட்டிப் பாத்திருக்காரு, வளைவு வந்தா நின்னுடுது. 'பாத்தியா, பொம்ம வண்டியிலயும் எனக்கு அதே மாதிரி ஆவுது. கோளாறு எனக்குள்ள இருக்குது. நான் ஓட்டினா ஆள கொன்னுடுவேன்'ன்னு சொல்லிட்டு எழுந்துட்டாரு. நாலு நாளா சரியா சாப்பிடல. லைசன்ஸ திருப்பிக் குடுக்கணும்னா எங்க குடுக்கணும்னு கேக்குறாரு."

கேம் ஆடுகிற கம்ப்யூட்டரில் படம் ஒரு செகண்டு நின்று ஓடுவது எத்தனையோ பேர் வந்து சொல்லுகிற கம்ப்ளைண்ட். நாங்கள் இடறல் என்போம். நேர் ரோட்டில் இடறாத மிஷின், மரமும் பாறையும் பள்ளமுமாக ஒரே நேரத்தில் காட்ட வேண்டிய மலை ரோட்டில் இடறும். கிராபிக்ஸுக்குத் தனிக் கார்டு இல்லாத மிஷினில் எல்லாப் படமும் ராம் வழியாகத்தான் போக வேண்டும். ராம் ஒன்றே ஒன்று. ஒற்றை ரோட்டில் எதிரெதிரே இரண்டு பஸ் வந்தால் ஒன்று ஒதுங்கினால்தான் மற்றது போகும். வளைவு வந்ததும் அதுதான் நடந்திருக்கிறது. எந்த கேம் என்று தெரிந்துகொண்டேனே தவிர, எந்த ரோடு என்று கேட்கவில்லை. மலையில் பஸ் ஓட்டுகிற மனிதனுக்கு பைபாஸில் ஊற வைத்துக் கொடுத்திருக்கிறேன்.

இத்தனை வருடத்தில் வந்த அத்தனை பேரும் மிஷினைக் குறை சொன்னார்கள், நான் அவர்களைக் குறை சொல்லி அனுப்பினேன். முதல் தடவையாக ஒருவர் தன்னையே குறை சொல்லிக்கொண்டு கிடக்கிறார், தப்பு என்னுடையது.

எல்லாவற்றையும் மேஜையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த சுகந்தி கடலையை என் பக்கம் நகர்த்தவில்லை. எழுந்து அலமாரியைத் திறந்து, அதே வகையில் இன்னொரு எட்டு ஜி.பி. ராமை எடுத்து, என் சட்டைப் பையில் அவளே வைத்தாள்.

"நீங்களே எடுத்துக்கினு போங்கண்ணே. போன்ல சொன்னா அவரு நம்பமாட்டாரு. நம்மள ஆறுதல் படுத்துறாங்கன்னு நெனச்சுக்குவாரு."

"நான் போயி இன்னா சொல்றது?"

"நான்தான் தப்புப் பண்ணேன்னு சொல்லுங்க. ஒங்களுக்குப் பழக்கம் இல்ல, வழியெல்லாம் சொல்லிப் பாத்துக்கினு போங்க."

கிண்டலா கோபமா என்று தெரியவில்லை. பாக்கியத்தோடு அடுத்த பஸ்ஸில் ஏறினேன். மலை ஏற ஏற அந்த அம்மா ஒரு வளைவில் ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினார். பாறையில் இன்னும் நீலப் பெயிண்ட் ஒட்டிக்கொண்டிருந்தது. "இங்கதாங்க" என்றார். நான் பையில் இருந்த ராமைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

சடையன் நெடுநெடுவென்று உயரம். என்னைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டார், காபி போடச் சொன்னார். கம்ப்யூட்டர் மேலே ஒரு போர்வையைப் போட்டு மூடி வைத்திருந்தார். நான் விஷயத்தை ஆரம்பித்ததும் கையமர்த்தினார்.

"அத வுடுங்க சார். எனக்கோசரம் மிஷின் மேல பழி போடாதீங்க. புது மிஷினு, அதுக்கு இன்னா கோளாறு வரும்? எனக்குத் தெரியும், அந்த நேரத்துல எனக்கு மண்டையில ஒண்ணும் ஓடாது. மஞ்சு மாதிரி வந்து மூடிக்கும்."

"மிஷினுக்குக் கோளாறு இல்லீங்க. செஞ்ச எனக்குத்தான் கோளாறு. ரெண்டு ராமு போட வேண்டிய எடத்துல ஒண்ணு போட்டுக் குடுத்துட்டேன்."

"நீங்க நல்ல மனசுக்காரரு, சொல்றீங்க" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது. வாழ்நாளெல்லாம் நான் பொய் சொன்னபோது நம்பினார்கள். உண்மையைச் சொல்லும்போது இந்த ஆள் நம்பமாட்டேன் என்கிறார்.

ராமை வெளியே எடுக்கப் போனேன், சட்டென்று ஒரு யோசனை. முதலில் போட்டுவிட்டால் இடறல் போய்விடும், அப்புறம் எதைக் காட்டி நிரூபிப்பது? கையைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு சொன்னேன்: "சரி, நான் நம்பிட்டேன். எனக்கு ஒரு வாட்டி ஓட்டிக் காட்டுங்க."

"மாட்டேன் சார்."

"அப்ப நான் ஓட்டுறேன். நீங்க பக்கத்துல ஒக்காந்து பாருங்க."

எனக்கு டி.வி.எஸ் வண்டிக்கு மேல் எதுவும் ஓட்டத் தெரியாது. போர்வையை விலக்கினேன், மிஷினைப் போட்டேன், மலை ரோட்டை எடுத்தேன். ஸ்டியரிங்கைப் பிடித்து பஸ்ஸைக் கிளப்பியதுமே அது மேய்கிற மாடு மாதிரி அலைந்தது. சடையன் என் பின்னால் நின்றார். முதலில் பேசாமல் இருந்தவருக்கு நூறு அடிக்கு மேல் பொறுக்கவில்லை.

"செகண்டுல போடுங்க. செகண்டு, செகண்டு. எறக்கத்துல நியூட்ரல்ல வுடுறீங்களே, பிரேக்கு புடிக்குமா? லெப்ட்டுல ஒடிங்க. ஐயோ, ஆரன் அடிங்க சார்."

வளைவு வந்தது. மரங்கள், பள்ளம், எதிரே ஒரு லாரி. திரை நின்றது. நான் ஸ்டியரிங்கை எவ்வளவு ஒடித்தும் ஒன்றும் அசையவில்லை. மறுபடி ஓடத் தொடங்கியபோது பஸ் பள்ளத்தில் உருண்டுகொண்டிருந்தது.

நான் திரும்பிப் பார்க்காமலே கேட்டேன். "இப்ப ரோடு நின்னுச்சா?"

"நின்னுச்சு."

"யாருக்கு நின்னுச்சு? ஓட்டினது நானு."

"இன்னொரு வாட்டி ஓட்டுங்க" என்றார். ஓட்டினேன், நின்றது, உருண்டேன். பாக்கியத்தைக் கூப்பிட்டார். அந்த அம்மா பயந்து பயந்து உட்கார்ந்து ஓட்டினார், அவருக்கும் அதே வளைவில் நின்றது. சடையன் திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய் அந்த வளைவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகுதான் ராமை வெளியே எடுத்தேன். பக்கத்து மூடியைக் கழற்றி, காலியாக இருந்த ஸ்லாட்டை அவருக்குக் காட்டினேன். "இத காலியா வுட்டது நானு. ஒத்த ரோட்டுல ரெண்டு பஸ்ஸ வுட்டா ஒண்ணு நின்னுதான போவும்? இப்ப ரெட்ட ரோடு போடுறேன்." அழுத்தினேன். 'டக்' என்றது. ஓட்டுவதற்கு அவரே வந்து உட்கார்ந்தார்.

எட்டு மாதம் நிஜ வண்டியைத் தொடாதவர் ஓட்டுகிற மாதிரி இல்லை. கியர் மாற்றியது தெரியவில்லை. வளைவுக்கு முன்னால் ஆரன் கொடுத்தார், வேகத்தைக் குறைத்தார், எதிரே வந்த லாரிக்கு இடம் விட்டு ஒதுங்கி, பஸ்ஸைத் திருப்பிக் கொண்டுபோனார். படம் நிற்கவில்லை. அடுத்த வளைவு, அதற்கடுத்தது. மலையடிவாரம்வரை இறக்கிவிட்டு நிறுத்தினார். பாக்கியம் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு நின்றார்.

சடையன் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல் கேட்டார். "அப்ப, அன்னிக்கும் நானு இல்லீங்களா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். எத்தனை பேரைச் சமாளித்து அனுப்பிய வாய் இது. ஆனால் அன்றைக்கு வரவில்லை. "அது எனக்குத் தெரியாதுங்க. அந்த பஸ்ஸ நான் பாத்ததில்ல. இந்த மிஷினுல நின்னது மட்டும் சத்தியமா நீங்க இல்ல" என்றேன். தலையை ஆட்டினார். "அது போதும்" என்றார்.

நான் மணியைப் பார்த்தேன். மூன்று மணி பஸ் போயிருந்தது. அடுத்தது இருட்டித்தான். சடையன் வாசலுக்குப் போனார். அங்கே அவர் மச்சானின் மினி லாரி நின்றது, மரவள்ளி ஏற்றுகிறது. சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்து என்னிடம் சொன்னார்: "வாங்க சார், நானே எறக்கி வுட்டுடறேன்."

பொம்மை பஸ்ஸில் நிரூபித்தது வேறு. நிஜ மலை, நிஜப் பள்ளம், எட்டு மாதம் வண்டியைத் தொடாத ஆள். எனக்குப் பெண்டாட்டி பிள்ளைகள் இருக்கிறார்கள். அடுத்த பஸ்ஸுக்கே இருந்து போகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். பாக்கியம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தப்பு அவருடையது இல்லை என்று இவ்வளவு நேரம் தொண்டை வற்றச் சொன்னவன் நான். அவர் ஓட்டுகிற வண்டியில் ஏறமாட்டேன் என்றால், அத்தனையும் ஆறுதல் பேச்சு என்றுதானே ஆகிவிடும்? கதவைத் திறந்து ஏறினேன்.

வண்டியை இரண்டாவது கியரிலேயே இறக்கினார். நீலப் பெயிண்ட் பாறையைக் கடந்து, அடிவாரத்தில் ஒரு டீக்கடை முன்னால் வண்டியை நிறுத்தினார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அந்தக் குளிரில் அப்படி வேர்த்த மனிதனை நான் பார்த்ததில்லை. முகம் மட்டும் கழுவிவிட்டதுபோல இருந்தது.

"அந்த வளைவ எப்டி எடுத்தேன், பாத்தீங்களா சார்?" என்று கேட்டார்.

"பாத்தேன். அச்சு மாதிரி எடுத்தீங்க" என்றேன்.

தை பிறந்த அதே வாரம் பஸ்ஸில் ஏறிவிட்டார். இன்றைக்கும் அதே ரூட்டில்தான் ஓட்டுகிறார். பயம் எப்படிப் போச்சு என்று யாராவது கேட்டால் என்னைத்தான் சாட்சிக்கு இழுக்கிறாராம். "கடை டிவிகாரரு எம் பக்கத்துல ஒக்காந்து கண்ணால பாத்தாரு, அவரையே கேளுங்க" என்கிறாராம். கேட்டு வருகிறவர்களிடம் நானும் ஆமாம் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நான் பார்க்கவில்லை. அந்த வளைவு வந்தபோது டேஷ்போர்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக்கி மூடியிருந்தேன்.